குளிராத புதினா

அம்சவேணி தில்லியில் எங்கள் ஆய்வுக்கூடத்துக்குப் பாட்டில் கழுவும் வேலைக்குத்தான் வந்தாள். 1973 ஜூலை. நான் அதற்கு மூன்று மாதம் முன்னால் நுண்ணுயிர்ப் பிரிவில் சேர்ந்திருந்தேன். எம்.எஸ்சி. முடித்த கையோடு அரசு வேலை. கேன்டீனுக்குப் போகும்போதுகூட வெள்ளைக் கோட்டைக் கழற்றாமல் திரிந்த காலம் அது.

வாசனை எண்ணெய்களையும் மருந்துச் செடிகளையும் பரிசோதித்து, இன்னதில் இன்னது இத்தனை சதவீதம் இருக்கிறது என்று சான்றிதழ் கொடுப்பது எங்கள் வேலை. கீழே ரசாயனப் பிரிவு, மாடியில் நாங்கள். ரசாயனப் பிரிவுக்குத் தலைவர் டாக்டர் ராஜகோபாலன். ஜெர்மனியில் ஒன்றரை வருஷம் பயிற்சி எடுத்தவர். எண்களில் தவறு வந்தால் முகம் சிவக்கும், மற்றபடி சாது.

கண்ணாடிச் சாமான் கழுவும் தொட்டி மாடிப்படியின் கீழ் இருந்தது. நான் இறங்கும்போதெல்லாம் பார்ப்பேன். புதிதாக வந்த அந்தப் பெண், ஒவ்வொரு பிளாஸ்கையும் கழுவுவதற்கு முன்னால் மூக்கருகே கொண்டுபோய் ஒரு கணம் நிறுத்துவாள். பிறகுதான் சோப்பு. கூட வேலை செய்தவர்கள் சிரித்தார்கள். அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை.

அந்த வருஷம் ஆகஸ்டில் கூலரிலிருந்து தண்ணீர் ஒழுகி, மேஜையிலிருந்த மூன்று பிளாஸ்குகளின் லேபிள்கள் கரைந்துவிட்டன. மூன்றும் புதினா எண்ணெய்கள். ஒன்று இமயமலை அடிவாரத் தெராயில் புதிதாகப் பயிராகத் தொடங்கியிருந்த ஜப்பானியப் புதினா, ஒன்று பெப்பர்மின்ட், ஒன்று நாம் சமையலுக்கு வாங்கும் சாதாரணப் புதினா. எது எது என்று தெரியாமல் ராஜகோபாலன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது, டிரேயை எடுக்க வந்த அம்சவேணி மூன்றையும் வரிசையாக முகர்ந்து பார்த்து, இது தைலம், இது மிட்டாய், இது துவையல் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவர் நம்பவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து சோதித்துப் பார்த்தார். அவள் சொன்னதுதான் சரி. கூப்பிட்டு எப்படித் தெரிந்தது என்று கேட்டார்.

"கழுவுறப்பவே தெரியும் சார். தைலம் விரலைக் குளுற வைக்கும். துவையல் வாசம் மட்டுந்தான், குளுறாது."

அது வெறும் மூக்கு விஷயமில்லை. ஜப்பானியப் புதினா எண்ணெயில் முக்கால் பங்கு மெந்தால். தோலில் குளிர்ச்சியைத் தருவது அதுதான். சமையல் புதினாவில் மெந்தால் கிடையாது. அதன் மணம் கார்வோன் என்ற வேறொரு பொருளால் வருவது. பார்க்க அக்கா தங்கை மாதிரி இருக்கும் செடிகள், உள்ளே சரக்கு வேறு. ராஜகோபாலன் இதை எங்களுக்கு வகுப்பெடுப்பார். அம்சவேணி வகுப்புக்கு வராமலே விரல் நுனியில் வைத்திருந்தாள்.

அவளுடைய வீடு ஜங்புரா மதராசி கேம்ப் குடிசைகளில், பாராபுல்லா நாலா என்ற கழிவுநீர்க் கால்வாயின் கரையில். அப்பா கட்டட வேலை செய்து தவறிப்போனவர். அம்மா ஆராயி நிஜாமுதீனில் நாலு வீட்டில் வேலை பார்த்தாள். கள்ளக்குறிச்சிப் பக்கத்து மனுஷி. இந்தி சரளமாகப் பேசுவாள், கோபம் வந்தால் மட்டும் தமிழ். அந்த நாலு வீட்டு வேலையில்தான் மகளை மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பதினோராம் வகுப்புவரை சயின்ஸ் படிக்க வைத்திருந்தாள். நானும் அதே பள்ளிக்கூடம்தான். இது தெரிந்த அன்றுதான் அம்சவேணி என்னோடு முதன்முதலாக உட்கார்ந்து டீ குடித்தாள். என்னைவிட நாலு வகுப்பு கீழே படித்திருக்கிறாள். எனக்கு அவளை நினைவில்லை, அவளுக்கு என்னை நினைவிருந்தது. பிரேயரில் நான் தப்பாகப் பாடியதுவரை.

1976இல் இலாகாப் பரீட்சை எழுதி லேப் அசிஸ்டென்ட் ஆனாள். அந்தப் பரீட்சைக்குப் பாட்டில் கழுவுகிறவர்கள் யாரும் அதுவரை உட்கார்ந்ததில்லை. விதியில் தடை இருக்கிறதா என்று ஆபீசில் போய்க் கேட்டாள். இல்லை என்றார்கள். அப்படியானால் ஃபாரம் கொடுங்கள் என்றாள். அவ்வளவுதான் நடந்தது. அடுத்த வருஷம் வேணுவைக் கல்யாணம் செய்துகொண்டாள். டி.டி.சி. பஸ் பணிமனையில் ஃபிட்டர், அமைதியான ஆள். 1980இல் பெண் பிறந்தது, இந்திராணி.

இதற்கு நடுவில் 1979இல் எங்களுக்கு கேஸ் குரோமட்டோகிராஃப் வந்தது. சுருக்கமாக ஜி.சி. என்போம். எண்ணெயில் ஒரு சொட்டை ஊசியால் உள்ளே செலுத்தினால், அது ஆவியாகி ஒரு நீண்ட சுருள் குழாய் வழியாகப் போகும். கலந்திருக்கும் பொருள்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து, ஒன்றன் பின் ஒன்றாக மறுமுனையில் வெளியே வரும். வரும்போதெல்லாம் ஒரு பேனா ஓடுகிற காகிதத்தில் மலை மலையாக வரையும். மலை எத்தனை பெரிதோ, பொருள் அத்தனை அதிகம். ராஜகோபாலன் அந்த மெஷினைத் தினமும் தானே துடைத்தார். அதற்குக் காவலாக ஒரு ஏ.சி.யும் வந்தது, தில்லிக் கோடையில் அந்த அறைக்குப் போக எல்லோருக்கும் ஏதாவது ஒரு வேலை இருந்தது.

மலையின் அளவைக் கணக்குப் பண்ணித் தரும் வசதி அந்த மெஷினில் இல்லை. அதனால் ஒரு பழைய உபாயம். ஒவ்வொரு மலையையும் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்து, அந்தக் காகிதத் துண்டை நுண்தராசில் நிறுக்க வேண்டும். எல்லா மலைத் துண்டுகளின் மொத்த எடையில் மெந்தால் துண்டு எத்தனை பங்கோ அதுதான் எண்ணெயில் மெந்தாலின் சதவீதம். வெட்டுவதில் மயிரிழை தவறினாலும் எண் மாறிவிடும். அந்த வேலை அம்சவேணியிடம் வந்தது. மூன்று வருஷத்தில் ஆயிரக்கணக்கான மலைகளை வெட்டியிருப்பாள். ஒரே காகிதத்தை நகலெடுத்து நான்கு பேர் வெட்டி நிறுத்துப் பார்த்தபோது, அவள் வெட்டியதில் மட்டும் எத்தனை தடவையானாலும் அதே எடை வந்தது.

இனி 1982 மே மாதத்துக்கு வருகிறேன். ஏஷியாட் விளையாட்டுப் போட்டி வரப்போகிறதென்று நகரம் முழுக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். வடதில்லியில் ஒரு மருந்துக் கம்பெனி, கைக்குழந்தைகளுக்கு வயிற்றுவலிக்குக் கொடுக்கும் சொட்டு மருந்து தயாரிப்பது, எங்களுக்கு ஒரு எண்ணெய் மாதிரி அனுப்பியது. மலைப் பக்கத்திலிருந்து வந்த உயர்ந்த ரகப் புதினா எண்ணெய், ஆறு டிரம் வாங்கியிருக்கிறோம், மருந்தில் சேர்க்கும் முன் உங்கள் சான்றிதழ் வேண்டும் என்று கடிதம். இரண்டு கேள்விகள். இதில் என்ன இருக்கிறது? கிருமியைக் கொல்லுமா?

இரண்டாவது கேள்வி என்னுடையது. தட்டில் கிருமியை வளர்த்து, எண்ணெயில் நனைத்த சிறிய காகித வில்லையை நடுவில் வைப்போம். எண்ணெய்க்குச் சக்தி இருந்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத ஒரு வெற்று வட்டம் விழும். அந்த வட்டத்தை அளந்து எழுத வேண்டும். புண்ணில் சீழ் வைக்கும் கிருமிக்குப் பதினெட்டு மில்லிமீட்டர், வயிற்றுப்போக்குக் கிருமிக்குப் பதினான்கு. நல்ல எண்கள். "கிருமிநாசினித் தன்மை திருப்திகரம்" என்று எழுதிக் கீழே வைதேஹி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

ஜி.சி.யும் நல்லதாகவே சொன்னது. மெந்தால் மலை பெரிதாக எழும்பியிருந்தது. அம்சவேணி வெட்டி நிறுத்தாள். எழுபத்தொரு சதவீதம். ராஜகோபாலன் சான்றிதழை டைப் அடிக்கச் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை நான் ஒரு கையெழுத்துக்காகக் கீழே போயிருந்தேன். அம்சவேணி அவருடைய மேஜைக்கு முன்னால் நின்றிருந்தாள். கையில் ஒரு கவர்.

"சார், இது குளுறலை."

ராஜகோபாலன் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "மெஷின் எழுபத்தொண்ணுங்கறது. நீ குளிரலைங்கறே. நான் எதை எழுதறது?"

அவள் கவரிலிருந்து இரண்டு காகித மலைகளை எடுத்து மேஜையில் வைத்தாள். ஒன்று தெராயில் ராம்பூரிலிருந்து வந்த ஜப்பானியப் புதினா எண்ணெயின் மெந்தால், அதே நாள் அதே மெஷினில் ஓடியது. இரண்டு பக்கமும் நேராக ஏறி நேராக இறங்கியது. மற்றது இந்த மலைப் பக்கத்து எண்ணெயின் மெந்தால். ஏறும்போது ஒழுங்காக இருந்தது. இறங்கும் பக்கத்தில் முதுகு கொஞ்சம் பருத்திருந்தது. மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும் அளவுக்கு. அவளுக்குக் கத்தரிக்கோல் திரும்பிய விதத்திலேயே தெரிந்துவிட்டதாம். மெந்தாலின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வேறொரு பொருள் வெளியே வருகிறது, மெஷின் இரண்டையும் சேர்த்து ஒரே மலையாகப் போட்டுவிட்டது என்பது அவளுடைய கட்சி.

சுருள் குழாய் பழசாகிவிட்டது, அதனால் மலை சரியும் என்றார் அவர். அதே குழாயில் அதே நாள் ராம்பூர் எண்ணெய் சரியவில்லையே என்றாள் அவள். அவர் இரண்டு மலைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார். டைப் அடித்த சான்றிதழ் அவர் முன்னாலேயே இருந்தது.

"வெள்ளிக்கிழமை இது போயாகணும். அதுக்குள்ள நம்பரா கொண்டு வா. மூக்கை நம்பி நான் கையெழுத்துப் போட முடியாது, அம்சவேணி."

"சரி சார். நம்பராவே தரேன்" என்றாள். அது செவ்வாய்க்கிழமை.

அன்று பகலில் என் பிரிவுக்கு வந்து ஃப்ரீசரில் இடம் கேட்டாள். கீழே இருந்த ஃப்ரிட்ஜின் ஐஸ் பெட்டிக்கு அவ்வளவு சக்தி இல்லை. இரண்டு சோதனைக் குழாய்கள். ஒன்றில் ராம்பூர் எண்ணெய், ஒன்றில் மலைப் பக்கத்து எண்ணெய். புதன்கிழமை காலை திறந்து பார்த்தோம். ராம்பூர் எண்ணெய் குழாய் முழுக்க வெள்ளை ஊசிகளாக உறைந்து, கவிழ்த்தாலும் விழவில்லை. மெந்தால் அப்படித்தான், குளிரில் படிகமாகிவிடும். மற்றதில் ஒரு ஊசிகூட இல்லை. எண்ணெய் எண்ணெயாகவே ஓடியது. அதிலும் எழுபத்தொரு சதவீதம் மெந்தால் இருப்பதாகத்தான் சான்றிதழில் டைப் அடித்திருந்தது.

அவள் குழாய்களைத் துடைத்துக்கொண்டே, இதுவும் நம்பர் இல்லை மேடம், சார் ஒத்துக்க மாட்டார் என்றாள்.

மெஷின் வருவதற்கு முன்னால் எல்லோரும் செய்துகொண்டிருந்த சோதனைகளை அவள் எடுத்தாள். மெந்தால் ஆல்கஹால் வகை. பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்த பொருள் கீட்டோன் வகையாக இருக்க வேண்டும் என்பது அவளுடைய ஊகம். இந்த இரண்டு வகையும் குழாயில் ஒன்றாக வெளிவரலாம். ஆனால் எதோடு வினை புரியும் என்பதில் சம்பந்தமே இல்லாதவை. ஆகையால் ஆல்கஹாலை மட்டும் பிடிக்கும் சோதனை ஒன்று, கீட்டோனை மட்டும் பிடிக்கும் சோதனை ஒன்று. முதலாவதற்கு எண்ணெயை அசெட்டிக் அன்ஹைட்ரைடோடு காய்ச்ச வேண்டும். இரண்டாவதற்கு ஹைட்ராக்சிலமின் கலந்து, மஞ்சளாகும் கரைசலைப் பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாகக் காரம் விட்டுப் பச்சைக்குக் கொண்டுவர வேண்டும். மஞ்சள் எங்கே முடிகிறது, பச்சை எங்கே தொடங்குகிறது என்று பிடிப்பதற்குள் கண் பூத்துவிடும்.

புதன் மதியம் கரண்ட் போய்விட்டது. நாற்பத்து நாலு டிகிரி வெயில், மின்விசிறி கிடையாது. நான் ஜன்னலைத் திறக்கப் போனபோது வேண்டாம் என்று கையைக் காட்டினாள். வெளியே தோண்டிப்போட்ட ரோட்டின் புழுதி உள்ளே வந்துவிடும். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, நெற்றி வியர்வை பிளாஸ்கில் விழாமல் தலையைச் சாய்த்துக்கொண்டு சொட்டு எண்ணினாள். ஒவ்வொரு சோதனையையும் மூன்று தடவை செய்தாள். வியாழன் சாயங்காலம் நாலு மணிக்கு நோட்டுப் புத்தகத்தை ராஜகோபாலன் முன்னால் விரித்து வைத்தாள்.

மெந்தால் பதினொன்று. கீட்டோன் அறுபத்து மூன்று. அதில் தனி மலையாகப் பிரிந்து வந்த மெந்தோன் என்ற இன்னொரு கீட்டோன் நாலைக் கழித்தால் ஐம்பத்தொன்பது. பதினொன்றும் ஐம்பத்தொன்பதும் எழுபது. மெஷின் மெந்தால் என்று சொன்ன எழுபத்தொன்றுக்கு ஒன்றுதான் குறைவு.

அவர் அந்தப் பக்கத்தை வெகு நேரம் பார்த்தார். முகம் சிவந்தது. பிறகு எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு, பியூரெட்டைக் கழுவினார். தானே ஒரு தடவை செய்து பார்த்தார். மெந்தோனைக் கழித்து ஐம்பத்தெட்டரை வந்தது.

"அரை குறையறது" என்றார்.

"நீங்க கொஞ்சம் முன்னாடியே நிறுத்திட்டீங்க சார். இன்னும் ரெண்டு சொட்டு இருந்துச்சு."

அவர் சிரித்துவிட்டார். அந்த மேஜைக்கு முன்னால் அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சான்றிதழை எடுத்து நாலாகக் கிழித்தார்.

அந்தக் கீட்டோன் என்ன என்பது அடுத்த வாரம் தெரிந்தது. அதைப் படிகமாக மாற்றி உருகுநிலை பார்த்தபோது புத்தகத்தில் போட்டிருந்ததோடு ஒத்துப்போயிற்று. புலெகோன். சில காட்டுப் புதினாக்களில் இது நிறைய உண்டு. மலைப் பக்கத்தில் யாரோ காட்டுச் செடியையும் சேர்த்து அறுத்துக் காய்ச்சியிருக்கிறார்கள். பார்க்கப் புதினா, மணக்கப் புதினா. ஆனால் புலெகோன் ஈரலைக் கெடுக்கும். அதை வாயில் கொடுக்கக் கூடாது, அதுவும் கைக்குழந்தைக்கு.

அன்று மத்தியானம் அம்சவேணி என் அறைக்கு வந்தாள். நான் கொடுத்திருந்த ரிப்போர்ட்டின் நகல் அவள் கையில் இருந்தது.

"மேடம், கிருமியைக் கொல்லும்னு எழுதியிருக்கீங்க. சரிதான். குழந்தையை என்ன பண்ணும்னு எழுதலையே."

அவர்கள் அதைக் கேட்கவில்லை என்றேன். சொல்லும்போதே எனக்குப் பிடிக்கவில்லை. அவள் குரல் உயரவில்லை.

"எங்க கேம்ப்புல ஆறு மாசக் குழந்தை அழுதா முதல்ல இந்தச் சொட்டு மருந்துதான் வாங்கியாருவாங்க. இந்திராணிக்கு நானே குடுத்திருக்கேன். அவங்களுக்குக் கேக்கத் தெரியாது. நாமதான் கேக்கணும்."

நான் எழுதியது பொய்யில்லை, பாதி. அன்றைக்கே எலிகளுக்கு அனுமதி வாங்கினேன். ஒரு கூண்டில் ராம்பூர் எண்ணெய், ஒரு கூண்டில் மலைப் பக்கத்து எண்ணெய், ஒன்றில் வெறும் கடலை எண்ணெய். மூன்றாம் நாள் ராம்பூர்க் கூண்டில் எலிகள் வழக்கம்போலக் கம்பியைக் கடித்துக்கொண்டிருந்தன. மலைப் பக்கத்துக் கூண்டில் மூலையில் சுருண்டு கிடந்தன. அறுத்துப் பார்த்ததில் அவற்றின் ஈரல் வெளுத்து, புள்ளி புள்ளியாகச் செத்திருந்தது.

சான்றிதழ் ஏன் வரவில்லை என்று கேட்டுக்கொண்டு கம்பெனி மேனேஜர் நேரில் வந்தார். ஆஜானுபாகுவான பஞ்சாபி. வாசனை நன்றாக இருக்கிறது, கிருமி சாகிறது என்று உங்கள் மேடமே எழுதியிருக்கிறார், வேறென்ன வேண்டும் என்று கேட்டார். என் ரிப்போர்ட் எப்படியோ அவருக்கு முன்னதாகவே கிடைத்திருந்தது. ராஜகோபாலன் புலெகோன், சதவீதம் என்று விளக்க ஆரம்பித்தார். மேனேஜர் கேட்டுக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தார்.

அம்சவேணி இந்தியில் சொன்னாள்: "பாய் சாகப், கிருமி சாவது உண்மைதான். மேலே வாருங்கள், வேறென்ன சாகிறதென்று காட்டுகிறேன்."

மாடிக்கு அழைத்து வந்தாள். தட்டில் மூன்று ஈரல்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் இருந்த சீட்டை மட்டும் அவர் படிக்கும்படி திருப்பி வைத்தாள். அவர் நடுவிலிருந்ததைப் பார்த்தார், மறுபடி சீட்டைப் பார்த்தார். தனக்கு இரண்டு பேரக் குழந்தைகள் என்றார். டிரம் எதையும் இன்னும் திறக்கவில்லை என்று தானாகவே சொன்னார். அந்த ஆறு டிரம்மும் மறுநாளே எங்கள் ஆள் முன்னிலையில் சீல் வைக்கப்பட்டன. கம்பெனி அதற்கப்புறம் தெராயிலிருந்து நேராக வாங்கத் தொடங்கியது, ஒவ்வொரு டிரம்முக்கும் எங்கள் சோதனையோடு.

ஜூலையில் ராஜகோபாலன் இதை ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையாக எழுதினார். ஜி.சி.யில் மெந்தாலும் புலெகோனும் ஒன்றாக விழுவது, அதைப் பிடிப்பது எப்படி, இரண்டு எண்ணெய்களும் கிருமி மீதும் ஈரல் மீதும் செய்தவை எல்லாம் சேர்த்து. எங்கள் இடத்தில் லேப் அசிஸ்டென்ட்களுக்குக் கட்டுரையின் கடைசியில் நன்றி சொல்வது வழக்கம். கைப்பிரதியை அம்சவேணியிடம் கொடுத்து எண்களைச் சரிபார்க்கச் சொன்னார். அவள் சரிபார்த்தாள். இரண்டு இடத்தில் தசமப் புள்ளி தவறியிருந்ததைத் திருத்தினாள். திருப்பிக் கொடுக்கும்போது சொன்னாள்:

"சார், என் பேரு மேல வரணும்."

நான் அங்கேதான் இருந்தேன்.

"மேலன்னா எங்கே?"

"வேலை செஞ்ச வரிசைல போடுங்க சார்."

அவர் பேனாவை எடுத்தார். தன் பெயரை அடித்தார். அந்த இடத்தில் அவள் பெயரை எழுதி, அதற்குக் கீழே தன் பெயரையும் மூன்றாவதாக என் பெயரையும் எழுதினார். இனிஷியல் என்ன என்று கேட்டார். ஆராயி மகள், ஆனால் அப்பா பேரு கோவிந்தன், 'கோ' போடுங்க என்றாள். ஆங்கிலத்தில் ஜி. அம்சவேணி என்று அது அச்சானது.

அச்சுப் பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோனபோது ஆராயி, உன் பேரு எதுன்னு காட்டு என்று கேட்டாளாம். காட்டியதும் அதன்மேல் விரலை வைத்துக்கொண்டே, கீழே இருப்பது யார் என்று கேட்டிருக்கிறாள். எங்கள் ஆபீசர் என்றதும் மகளை முறைத்து, "அவரு பேரு ஏண்டி கீழ இருக்குது? மரியாதையா இருந்துக்க" என்றாளாம். அம்சவேணி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். ராஜகோபாலனிடமே சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

1985இல் புது ரகச் சுருள் குழாய் வந்தது, முன்னதைவிடப் பத்து மடங்கு நீளம். மெந்தாலும் புலெகோனும் அதில் தனித்தனி மலையாக விழுந்தன. அலமாரியில் பத்திரமாக இருந்த பழைய மாதிரியை ராஜகோபாலன் முதல் வேலையாக ஓடவிட்டார். புலெகோன் ஐம்பத்தொன்பது புள்ளி இரண்டு. அவர் ரிடையராக இரண்டு மாதம் இருந்தது. அந்தச் சீட்டை மடித்து அவள் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அதே வருஷக் கடைசியில் அம்சவேணி டெக்னிகல் ஆபீசர் பதவிக்கு நேர்முகத் தேர்வில் உட்கார்ந்தாள். பட்டம் இல்லையே என்று குழுவில் ஒருவர் கேட்டாராம். ஆராய்ச்சிக் கட்டுரைகள் நாலு இருக்கின்றன, முதலில் அதைப் படித்துவிட்டுக் கேளுங்கள் என்று சொன்னதாக அவளே சொன்னாள். நியமன உத்தரவு வர ஆறு வாரம் ஆயிற்று.

அதன் பிறகு அவள் வெயில் காலத்தில் தில்லியில் இருப்பதே குறைவு. ஏப்ரல் வந்தால் ஜீப்பில் தெராய்க்குப் போய்விடுவாள். அங்கே புதினா விவசாயிகளுக்கு ஒரே கேள்வி: எப்போது அறுப்பது? இளம் இலையில் மெந்தோன்தான் அதிகம். செடி முற்ற முற்ற அந்த மெந்தோனே மெந்தாலாக மாறும். சீக்கிரம் அறுத்தால் எண்ணெய் நிறைய வரும்போலத் தெரியும், உள்ளே மெந்தால் குறைவாக இருக்கும். தாமதித்தால் மழை வந்து இலை உதிர்ந்துவிடும்.

1987இல் நானும் கூடப் போயிருந்தேன். ராம்பூரிலிருந்து உள்ளே ஒரு கிராமம். மே மாதக் கடைசி. அரிவாளோடு ஆட்கள் வயலில் இறங்கிவிட்டார்கள். வானம் வடக்கே கறுத்திருந்தது. நிலத்துக்காரர் ஒரு பெரியவர்; பதினைந்து நாளாக மேகத்தையே பார்த்துக்கொண்டிருப்பவர். அம்சவேணி வரப்பில் உட்கார்ந்து நுனி இலை, நடு இலை, அடி இலை என்று கசக்கிப் பார்த்தாள். நுனியில் பூமொட்டு அப்போதுதான் கட்டிக்கொண்டிருந்தது. இன்னும் பத்து நாள் பொறுங்கள் என்றாள். மழை வந்தால் நீயா வந்து நிற்பாய் என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி.

"பாதி வயலை இப்போது அறுங்கள். பாதியை என் பேச்சுக்கு விடுங்கள். பத்து நாளும் நான் இங்கேதான் இருப்பேன்."

இருந்தாள். பள்ளிக்கூடத்து வராந்தாவில் சின்னத் தராசும் பியூரெட்டும் வைத்து ஒரு லேப் போட்டாள். நாலாம் நாள் ஒரு தூறல் விழுந்தபோது ஊரே வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போனது. அவள் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். தூறல் அரைமணியில் நின்றுவிட்டது. பதினோராம் நாள் மிச்சப் பாதியை அறுத்துக் காய்ச்சினார்கள். முதல் பாதியில் மெந்தால் அறுபத்தாறு, மெந்தோன் பதினைந்து. இரண்டாம் பாதியில் மெந்தால் எழுபத்தெட்டு, மெந்தோன் ஆறு.

பெரியவர் இரண்டு பாட்டிலையும் வாங்கிக் கையில் உருட்டிப் பார்த்தார். எண்களைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வருஷம் எந்தத் தேதிக்கு வருவாய் என்று மட்டும் கேட்டார். மே இருபது என்றாள். 1988இல் அவள் சொன்னபடியே போனாள். அந்த ஊரில் நாற்பது ஏக்கர் புதினாவும் அவள் வார்த்தைக்காக அரிவாள் படாமல் நின்றுகொண்டிருந்தது.